புல்லுக்குப் போட்ட அஸ்திவாரம்

— சிரிக்காத. சிரிக்கிறதுன்னா கையைக் குடுத்துட்டு அப்புறமா சிரி.

— எந்தக் கையைக் குடுக்க? ஒண்ணுல காபி இருக்கு, இன்னொண்ணால வாயைப் பொத்திக்கிட்டிருக்கேன். நிஜமாவே மாட்டிக்கிட்டீங்களா, இல்ல புல்லுக்கு நடுவுல சிலையா நின்னுடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?

— ஆணிச் செருப்புடி. அடியில விரல் நீளத்துக்கு ஆணி. மாட்டிக்கிட்டு நடந்தா மண்ணுல ஓட்டை விழும், காத்து உள்ள போகும், வேர் மூச்சு விடும்னான் கடைக்காரன். ஆணி உள்ள போச்சு. வெளிய வரமாட்டேங்குது.

— வாரைக் கழட்டிட்டு வெறுங்காலோட வாங்களேன்.

— குனியணுமே. கல்லாவுல உக்காந்து ஆயுசு பூரா சேர்த்த தொப்பை குறுக்க நிக்குது. நான் செருப்பைப் பார்த்தே ரொம்ப நேரமாச்சு.

— மழை பேஞ்சு சேறும் சகதியுமா கிடக்கு. இப்பதான் இதை மாட்டிக்கிட்டு நடக்கணுமா?

— ஈரத்துல சுலபமா இறங்கும்னு கணக்குப் போட்டேன். ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு வர்றாளே! அவ பார்க்கறப்ப புல்லு பச்சையா இருந்தா இங்கயே இருக்கோம். காஞ்சு கிடந்தா வீட்டைப் பூட்டிட்டு அவ வீட்டு மாடிக்குப் போறோம். பேச்சு அதுதானே?

— பேச்சை ஆரம்பிச்சது யாரு? ‘ஒரு புல்லை வளர்க்கத் துப்பில்லேன்னா நாங்க தனியா இருக்க லாயக்கில்லம்மா’ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நீங்கதான் சொன்னீங்க.

— எதிராளி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நானா விலையைக் குறைச்சிட்டேன். நம்ம டைல்ஸ் கடையில ஒரு பையன் அப்படிப் பேசியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு வந்ததோட புத்தியையும் அங்கயே வச்சிட்டு வந்துட்டேன் போல.

— அதுவாவது அங்க பத்திரமா இருக்கட்டும். வந்த புதுசுல என் அடுப்படிக்குள்ள புகுந்து டப்பாவையெல்லாம் இடம் மாத்தினது போதும். இந்தாங்க, காபியைப் பிடிங்க. கம்பி இங்கதான் சாத்தியிருந்துச்சு, நெம்பிப் பார்க்கறேன். எந்தக் கால் முதல்ல?

— இடது. அது கொஞ்சம் சாது.

— ஏங்க, மேல கொஞ்சம்தான் மண்ணு. அதுக்குக் கீழ கம்பி இறங்கவே மாட்டேங்குது. டங்குங்குது.

— கல்லு ஏதாவது கிடக்கும்.

— ஒரு கல்லுன்னா ஒரு இடத்துல சத்தம் வரணும். குத்தற இடமெல்லாம் டங்கு டங்குன்னா? ஆணி எதுக்கோ இடுக்குல சொருகியிருக்கு. இருங்க, காலைத் தூக்குங்க... ஆங், வந்துருச்சு. இது என்னங்க சில்லு? நீலப் பூ போட்டு?

— குடு பார்ப்போம். அடடா. இது நம்ம சரக்கு.

— நம்ம சரக்கா?

— விக்காம நின்ன மாடல். பாதிக்கு மேல உடைஞ்சு வந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல. முன்னாடி புல்லு போடறப்ப அடியில கொட்டச் சொன்னேன்.

— புல்லுக்கு அடியில டைல்ஸா?

— டைல்ஸ், செங்கல் சில்லு, சிமெண்ட் பால். கொட்டி, திமிசுக்கட்டையால ஆள் வச்சு இடிக்கச் சொன்னேன். நாற்காலி போட்டு உக்காந்து, ‘இன்னும் இடி, இன்னும் இடி’ன்னேன். தரைன்னா அடி அசையக் கூடாதில்ல? அதுக்கு மேல துளி மண்ணைப் பரப்பி, புல்லுப் பாயை விரிச்சு, ‘பார்த்தியா நம்ம வேலை நேர்த்தி’ன்னு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

— ஆமா. நானும் நல்லாருக்குன்னேன். என்னைச் சொல்லணும்.

— வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் கடையில கையடிச்சுச் சொல்லுவேன்: ‘ஐயா, நம்ம தரையைப் பொத்துக்கிட்டு ஒரு புல்லு முளைக்காது.’ அந்த வாக்கு பலிச்ச ஒரே இடம் நம்ம வீடுதான்.

— அப்ப இத்தனை நாளா இதுல கொட்டினதெல்லாம்?

— உரம் போட்டேன், கழுவிக்கிட்டுப் போச்சு. களிமண்ணுல வெறும் மணலைக் கலந்தேன், சூளையே இல்லாம செங்கல்லாச்சு. மேடுபள்ளமா இருக்குன்னு ரோலரை உருட்டினேன். போதாததுக்குப் போறவன் வர்றவனையெல்லாம் ‘வாங்க, மேல நடந்து பாருங்க, மெத்துன்னு இருக்கும்’னு நடக்க விட்டேன்.

— தபால்காரரைக்கூட விடல.

— அவர் ஒருத்தர்தான் பிரமாதம்னு சொன்னார்.

— தபாலைக் குடுத்துட்டுப் போகணுமே, பாவம்.

— இப்பதான் புரியுது. சேறு வத்தணும், ஆனா காஞ்சும் போகக் கூடாது. அந்தப் பதத்துல கடப்பாரை வச்சு இந்த அஸ்திவாரத்தைப் பேர்த்து எடுக்கணும். ஓரத்துல நல்ல மண்ணு இருக்கிற இடத்துல ஆணி குத்தறது பிரயோஜனமில்ல. ஆணி இறங்கினா மண்ணு எங்க போகும்? பக்கத்து மண்ணை நெருக்கும். கூட்டமான பஸ்ல நான் ஏறற மாதிரி. சின்னக் குழாயை இறக்கி, மண்ணை உருவி வெளிய எடுக்கணும். அந்த ஓட்டையில நல்லா மக்கின உரத்தை நிரப்பணும். அப்பதான் காத்துப் போகும், புழு வரும், வேர் கீழ இறங்கும்.

— எப்ப பச்சை புடிக்கும்?

— அடுத்த மழைக்காலம்.

— இந்த ஞாயித்துக்கிழமை?

— அதுதான்... நீ அவகிட்ட ஒரு வார்த்தை பேசேன். கொஞ்சம் தவணை கேளு. அந்த மாடியில எனக்கு என்ன வேலை சொல்லு? டிவி போட மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கணும். தும்மல் வந்தா குழந்தை தூங்குதான்னு கேட்டுட்டுத் தும்மணும். மரியாதையா ஒரு மூலையில நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க, தினம் தூசி தட்டுவாங்க. விக்காத சரக்கை நான் அப்படித்தான் வச்சிருந்தேன். எனக்குத் தெரியாதா?

— போதும், கண்ணைத் துடைச்சுக்குங்க. காபியில விழுது.

— உனக்கென்ன, உனக்குப் போகத்தான் ஆசை.

— ஞாயித்துக்கிழமை அவ சும்மா சாப்பிடத்தான் வர்றா. கூட்டிட்டுப் போக இல்ல.

— யார் சொன்னது?

— நான்தான் அவகிட்டச் சொன்னேன். நீங்க அந்த ரோலரை வாங்கிட்டு வந்த அன்னிக்கே. புல்லு முளைச்சாலும் முளைக்காட்டியும் நாங்க எங்கயும் வரல, இது எங்க வீடுன்னு.

— அன்னிக்கேவா! அப்ப நான் வெயில்ல காஞ்சு, மழையில நனைஞ்சு, இதோ ஒத்தைக் கால்ல நிக்கிற வரைக்கும் வந்தது... ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேனேடி!

— இருந்திருப்பீங்க. என் அடுப்படியில.