ஒப்பீட்டு வீடு

இந்த மேசையை யாராவது ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டால் நன்றாக இருக்கும். எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்தவர் எதையோ தின்றிருக்கிறார், முழங்கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வேண்டாம் மேடம், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், என் கைக்குட்டையே போதும். இது எனக்குப் பிறவிக் குணம். அலுவலகத்தில் என் டம்ளரை வேறு யாரும் தொட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ‘சோப்பு சார்’ என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். வாக்குமூலம் எழுதுகிறவர் அவசரப்படாமல் எழுதட்டும்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தை நலத்தை ஆராய்கிறவன். நொடித்துப்போன ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒருமுறை பயிற்சி பெற்ற ஒரு பெண் போய், தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சமைக்கவும் குளிப்பாட்டவும் கைகொடுத்து, குழந்தையை மருத்துவரிடம் கூட்டிப்போனால் அந்தக் குழந்தை தேறுமா? தேறும் என்று எல்லாரும் வாயால் சொல்வார்கள். நிரூபித்துக் காட்ட ஆளில்லை. நிரூபித்தால் அரசாங்கம் இந்த உதவியை எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோகும். ஆயிரக்கணக்கான குழந்தைகள், மேடம். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

நூற்று நாற்பது குடும்பங்களைப் பிடித்துச் சீட்டுக் குலுக்கினோம். எழுபது உதவி வீடுகள், எழுபது ஒப்பீட்டு வீடுகள். உதவி வீட்டுக்கு எல்லாம் உண்டு. ஒப்பீட்டு வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், குழந்தையை எடை பார்த்து, தாயிடம் நாற்பது கேள்வி கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதற்கு எங்கள் பாஷையில் கலப்படம் என்று பெயர்.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரோஸ் சீட்டு எழுத வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியவனே நான்தான். சீட்டு என்னிடம் வரும், நான் அன்றைக்கே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவர்கள் உதவிக்கு வந்துவிடுவார்கள், அந்த வீடு ஆய்விலிருந்து கழன்றுவிடும். இரண்டாவது வருடம் பிறந்தபோது ஒப்பீட்டு வீடுகளில் மிச்சம் இருந்தவை சரியாக அறுபது. சிலர் வீடு மாறிப்போனார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. அறுபதுக்குக் கீழே ஒன்று போனாலும் ஆய்வு செல்லாது. அதுவரைக்குமான உழைப்பு முழுவதும் குப்பைக் கூடைக்குப் போகும்.

நாற்பத்தேழாம் வீடு அந்த அறுபதில் ஒன்று.

அங்கே எடை பார்க்கப் போனவரைத் தெருப் பிள்ளைகள் தராசம்மா என்பார்கள். தோளில் எடைக்கருவியோடு அலைகிற பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒருநாள் மத்தியானம் மூச்சிரைக்க என் அறைக்குள் வந்து நின்றார்.

“சார், அந்தப் பொண்ணு சுவத்துச் சுண்ணாம்பச் சுரண்டித் தின்னுது.”

“நிறைய குழந்தைங்க அப்படித் திங்கும்மா.”

“இது பசிக்குத் தின்னுது சார். அவங்கம்மா, புருஷன் விட்டுட்டுப் போனதுலேருந்து படுத்த படுக்கையா சுவத்தப் பாத்துக்கிட்டே கெடக்கு. கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்குது. நான் சீட்டு எழுதியிருக்கேன்.”

வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்தடுத்து இன்னும் இரண்டு சீட்டு வந்தது. அவற்றையும் அதே இழுப்பறையில்தான் வைத்தேன். கிழித்துப் போடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கார்பன் நகல் எடுத்து வைத்திருந்தார் என்பது நீங்கள் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

பிறகு ஒருமுறை குழந்தையின் எடை நானூறு கிராம் ஏறியிருந்தது. ஒன்பது நானூறிலிருந்து ஒன்பது எண்ணூறு. கூப்பிட்டுக் கேட்டேன். தராசம்மா தலையைக் குனியவில்லை. “பால் மாவு வாங்கிக் கொடுத்தேன் சார். வேலைய விட்டுத் தூக்கினாலும் தூக்குங்க” என்றார். நான் கோபப்படவில்லை. அந்த வீட்டை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, இனி நானே போகிறேன் என்றேன். மற்றவர்கள் என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்திருப்பார்கள், இவ்வளவு பெரிய பதவியில் இருந்துகொண்டு தெருத்தெருவாக எடைக்கருவி தூக்குகிறாரே என்று.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவைத் திறந்ததும் மூத்திர நெடி முகத்தில் அடிக்கும். மெத்தை ஈரத்தில் ஊறி நடுவில் கறுத்துக் கிடந்தது. பால் புட்டியின் உள்ளே பச்சையாகப் பூஞ்சணம். அதே புட்டியை அந்தக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. தலைமுடி சடைபிடித்து ஒரே கட்டி, உதட்டோரத்தில் புண், புண்ணில் ஈ. நான்கு வயது, பார்த்தால் இரண்டுகூடச் சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கால்சட்டையைப் பிடித்துக்கொள்ளும். யார் வந்தாலும் அப்படித்தான். அந்தப் பிசுக்குக் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுப்பேன். குமட்டிக்கொண்டு வரும், ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

பக்கத்து வீடு உதவி வீடு. சீட்டுக் குலுக்கலில் அப்படி விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் அனுப்பிய பெண் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் குழந்தை சிரிப்பதும் இந்தப் பக்கம் கேட்கும். ஒருநாள் அந்தத் தாய், மாதக்கணக்கில் வாய் திறக்காதவள், என்னிடம் கேட்டாள்.

“சார், அந்த வீட்டுக்கு வர்ற அக்கா எங்க வீட்டுக்கும் வருவாங்களா? எனக்கு எழுந்திரிக்க முடியல சார். யாராச்சும் வந்தா எழுந்திரிப்பேன்.”

“வருவாங்கம்மா. இது முடியட்டும், உங்க முறை வரும்” என்றேன். அது பொய்யில்லை. ஆய்வு முடிந்ததும் எல்லா ஒப்பீட்டு வீடுகளுக்கும் உதவி தருவதாகத் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அறிக்கைக்கு ‘ஒருவரும் விடுபடாமல்’ என்று தலைப்பு.

அன்று வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழம் உரித்தேன். வண்டிக்குள் நான் எதையும் சிந்த விடுவதில்லை, அதனால் கதவைத் திறந்து தோலை வெளியே போட்டேன். குழந்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வந்து குனிந்து, தோலைத் தின்றது. மண்ணோடு தின்றது. நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளை எடுத்து எழுதினேன்: வெளி உணவு, ஆரஞ்சுத் தோல், ஒன்று. எண்களில் நான் கறார். இந்த ஆய்வில் ஒரு கிராம்கூட நான் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்?

கடைசி அளவெடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு யாரும் ஓடி வந்து காலைப் பிடிக்கவில்லை. குழந்தை மெத்தையின் கறுப்பு வட்டத்தில் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆச்சரியமாக, தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க கார் நிக்குதே.”

“முதல்ல எடை பாத்துடலாம்மா” என்றேன்.

நிற்க முடியாத குழந்தையை எப்படி எடை பார்ப்பது? தாயைக் குழந்தையோடு நிறுத்தி, பிறகு தாயைத் தனியாக நிறுத்தி, கழித்துக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கால் நடுங்கியது, எண் நிலைக்கவில்லை. மூன்று முறை ஏற்றி இறக்கினேன். எட்டு கிலோ நூறு கிராம். எழுதிக்கொண்டு, ஆம்புலன்சுக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அலுவலகம் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன், எண்ணைக் கணினியில் ஏற்றினேன், பிறகு போன் செய்தேன். நடுவில் ஐம்பது நிமிடம் என்கிறீர்கள். இருக்கலாம். ஆம்புலன்ஸ் போனபோது உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

ஆய்வு வெற்றி, மேடம். உதவி வீடுகளுக்கும் ஒப்பீட்டு வீடுகளுக்கும் வித்தியாசம் ஐயத்துக்கு இடமில்லாமல் வந்திருக்கிறது. நாற்பத்தேழாம் வீட்டை எடுத்துவிட்டால் அந்தத் தெளிவு இருக்காது, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவகையில் மற்ற குழந்தைகள் எல்லாருக்கும் அந்தக் குழந்தைதான் உதவி செய்திருக்கிறது.

நீங்கள் மூன்றாவது முறையாக அதையே கேட்கிறீர்கள். சீட்டுகளை ஏன் பூட்டி வைத்தேன் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது, அது ஆய்வுக்காக. ஆனால் அன்றைக்கு எண் நின்று, நான் எழுதி முடித்த நொடியில் ஆய்வு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அது ஒப்பீட்டு வீடு இல்லை, வெறும் வீடு. எந்த விதியும் என் கையைக் கட்டவில்லை. ஆஸ்பத்திரி ஏழு நிமிடம். வண்டி வாசலில், சாவி கையில். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரை என் பின்னாலேயே வந்தாள். அப்புறம் என்ன தடை என்கிறீர்கள்.

அதற்கு முந்தின நாள்தான் வண்டியின் இருக்கைகளுக்குப் புது உறை மாட்டியிருந்தேன். வெளிர் மஞ்சள். குழந்தை நனைந்திருந்தது.

ஆனால் எழுதுகிறவரிடம் சொல்லுங்கள் மேடம், காரணம் என்கிற இடத்தில் ‘ஆராய்ச்சியின் பொருட்டு’ என்றே போட்டுக்கொள்ளட்டும்.