சீக்காளி வரிசை

மறுபடியும் பக்கவாட்டுல ஆட்டுறீங்க. மேல கீழ ஆட்டுங்க மாப்பிள்ளை. மேல, கீழ. தாடைய கம்பி போட்டு முடுக்கியிருக்கான். வலது கை கட்டுல கெடக்கு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. மிச்சம் இருக்கிறது இந்தத் தலை ஒண்ணுதான். அதயும் தப்பா ஆட்டித் தொலைக்காதீங்க.

இன்ஸ்பெக்டர் கீழ டாக்டரோட பேசிட்டிருக்காரு. இப்ப மேல வந்துருவாரு. ஒரே ஒரு கேள்வி. உங்கள அடிச்சது உங்க மாமனாரானு கேப்பாரு. ஆமான்னு ஆட்டணும். அவ்வளவுதான் வேல. நான் நேத்தே ஸ்டேஷனுக்குப் போயி நான்தான் அடிச்சேன்னு சொல்லிட்டேன். அடி வாங்கினவரும் சொல்லணுமாம். அதான் வராரு. இதுக்குப் போயி எதுக்கு இவ்வளவு பிகு?

டிராக்டர், டிராக்டர்னு இடது கையால காட்டாதீங்க. டிராக்டர்ல இருந்து விழுந்த கதைய நர்ஸம்மாகிட்ட காட்டி அது சிரிச்சிருச்சாமே. கைல ஒண்ணு, தாடைல ஒண்ணு, முதுகுல ரெண்டு. எந்த டிராக்டர் ஒரு மனுசன நாலு தடவ தள்ளிவிடும்? யாரோ அடிச்சதுதான்னு டாக்டர் முந்தாநாள் போலீஸ்கிட்ட சொல்லியாச்சு. இனி யாராவது ஒருத்தர் உள்ள போயே ஆகணும்.

இருங்க, எச்சி ஒழுகுது. தொடைக்கிறேன். மூஞ்சிய திருப்பாதீங்க, உங்களுக்குப் பொட்டு வைக்க வரல. ம். ரெண்டு வாரமாச்சு, இன்னும் ரத்தமும் சேந்து வருது. கீழ்வரிசைல நாலு பல்லு போச்சுன்னாங்க. ரெண்டு வயல்ல கெடந்துச்சு, பொறுக்கி வச்சிருக்கேன். மீதிய மண்ணு தின்னுருச்சு.

என்ன நடந்துச்சுனு ஒரு தடவ சொல்லிடுறேன். நீங்க பாதியிலயே மயங்கிட்டீங்க. நாளைக்கு கோர்ட்டுல ஆளுக்கொரு கத சொல்லக் கூடாது. என் வயல். என் செடி. நான் அடிச்சேன். எங்க, மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க.

மருந்தடிச்சதுக்கா ஒரு மனுசன இந்த அடி அடிச்சீங்கனு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. அவருக்கு என்னத்தச் சொல்றது? சூரியகாந்தினா அவருக்கு போட்டோ புடிக்கிற எடம். எங்களுக்கு அது கொலைக்களம். வளக்குறது கால்வாசி, கொல்லுறது முக்கால்வாசி.

நம்மகிட்ட ஒரு செடி இருக்கு. எண்ணெய் தங்கம். மாசக்கணக்குல வச்சாலும் காறல் வாடை அடிக்காது. ஆனா சோப்ளாங்கி. இலைக்கருகல்னு பேரச் சொன்னாலே படுத்துரும். இன்னொண்ணு காட்டுச்செடி. விதை கசக்கும், எண்ணெயும் கெடையாது, ஆனா எந்தச் சீக்கும் அத அசைக்காது. ரெண்டையும் சேக்கணும். சேத்து, பொறந்த விதை ஒவ்வொண்ணையும் பிளேடால முனைய மட்டும் சீவி, அந்தச் சீவல்ல எண்ணெய் எப்படினு பாக்கணும். தேறாத விதைய அடுப்புல போடு. தேறின விதையோட மிச்சத்த நோய் வயல்ல நடு. அங்க கருகின இலைய அரைச்சு, தண்ணில கரைச்சு, பிஞ்சு இலை மேலயே ஊத்து. சாகுறது சாகட்டும். நிக்கிறத எடுத்து மறுபடியும் சேரு, மறுபடியும் சீவு, மறுபடியும் ஊத்து. பேரப்புள்ளய கொஞ்ச வேண்டிய வயசுல எங்க வீட்டுல இதான் நடக்குது.

அந்த வயல்ல நாலு வரிசைக்கு ஒரு வரிசை சீக்காளி வரிசை. சாகுறதுக்குன்னே நடுறது. அது கருகிச் சுருண்டு விழுந்தாதான், வயல்ல நோய் நல்லா பரவியிருக்குன்னு அர்த்தம். அப்பதான் பக்கத்துல நிக்கிறவன் நெசமாவே நிக்கிறான். சீக்காளி உசுரோட நின்னா மத்தவன் நிக்கிறதுக்கு ஒரு மயிரு அர்த்தமும் இல்ல.

நீங்க மிளகாப் பண்ணைய மேச்சிட்டு வந்தவரு. இலைல ஒரு புள்ளி பாத்தா உங்களுக்குச் சோறு எறங்காது. நல்ல விவசாயி. அதான் வினை. நானும் உங்க வீட்டுக்காரியும் எண்ணெய்ச் சோதனைக்கு லேபுக்குப் போன நேரம் பாத்து, கருகின இலையெல்லாம் கிள்ளி, குமிச்சு, கொளுத்திட்டீங்க. கொளுத்திட்டு ரெண்டு தடவ மருந்து. முதல்ல சீக்காளி வரிசைக்கு. பாவம், அதுதான் ரொம்ப வாடியிருந்துச்சாம்.

திரும்பி வந்தா வரப்புல நின்னு பல்ல காட்டுறீங்க. அப்ப பல்லு இருந்துச்சு. எப்படி இருக்கு பாருன்னு கேட்டீங்க. வயல் பூரா பச்சை. சீக்காளி வரிசை புது மாப்பிள்ளையாட்டம் தளதளன்னு நிக்குது. எது தாங்கும், எது தாங்காதுனு இனி கடவுளுக்கே தெரியாது. எட்டு வருசம் சீவுன விதை.

மண்வெட்டி வரப்புல சாத்தியிருந்துச்சு. திருப்பிப் புடிச்சு காம்பால போட்டது. முதல் அடிய கையால தடுத்தீங்க. காஞ்ச தண்டு ஒடியிற சத்தம். அதோட நின்னிருக்கணும். நிக்கல. ரெண்டாவது தாடைல. சுத்தி விழுந்தீங்க, பக்கத்துச் செடியோட மொட்டு பூரா ரத்தம். விழுந்து கெடக்குற ஆளு முதுகுல இன்னும் ரெண்டு. நாலாவது அடில காம்பு பொளந்துருச்சு. அதனாலதான் அஞ்சாவது இல்ல. கோவம் தணிஞ்சு இல்ல.

என்ன, கம்பிக்குள்ளயே சிரிப்பு வருது? இந்தக் கெழவன் இவ்வளவு அடிச்சான்னா எவன் நம்புவான்னா? நம்ப வைக்கிறது என் பாடு. நேத்து ஸ்டேஷன்ல மேசைய ஒரு குத்து குத்தினேன், ஏட்டு கைல இருந்த டீ சிந்திருச்சு. இன்னும் வலிக்குது, அது வேற.

வாசலயே பாக்காதீங்க. அவ வரமாட்டா. நான்தான் வரக்கூடாதுன்னேன்.

பாத்தீங்களா, திரும்பவும் பக்கவாட்டுல. மாமனாரக் காட்டிக் குடுக்கக் கூடாதுனு பெரிய மரியாதை. என்னய மாமான்னு ஒழுங்கா கூப்பிட்டதே இல்ல. பெருசு எங்கனு நம்ம டிராக்டர் டிரைவர்கிட்ட கேக்குறது எனக்குத் தெரியாதா? அந்தப் பெருசத்தான் உள்ள போடச் சொல்லுறேன். சந்தோசமா ஆட்டுங்களேன்.

ம்ஹூம். அழாதீங்க. வாயில கம்பி, மூக்கும் அடைச்சுச்சுனா மூச்சு முட்டிச் சாவீங்க, அப்புறம் கேஸே வேற.

சரி. எனக்குப் புரியாம இல்ல. உங்களுக்குப் பொய் வராது. வந்திருந்தா மருந்தடிச்சதையே மறைச்சிருப்பீங்க, தாடை மிச்சமாயிருக்கும். டிராக்டர் கதைய எப்படித்தான் யோசிச்சீங்களோ. கட்டினவளுக்காக யோசிச்சிருக்கீங்க. ஆனா அது போணியாகல. அதனால இப்ப நான் சொல்லுற பொய்ய எடுத்துக்கங்க.

கேளுங்க. நீங்க இங்க வந்த மறுநாளே அவ பக்கத்துப் பண்ணைக்குப் போயி கருகின இலைய மூட்ட மூட்டயா தூக்கிட்டு வந்துட்டா. அரைச்சா, கரைச்சா, ஊத்துனா. சாயங்காலம் சாயங்காலம், மூஞ்சில துணியக் கட்டிட்டு. உங்க மருந்து வேகம் கொறைஞ்சதும் நோய் புடிச்சுருச்சு. சீக்காளி வரிசை பூரா காலி, கருவாடு மாதிரி தொங்குது. அக்கம்பக்கமும் காலி. நடுவுல கொஞ்சம் நிக்குது மாப்பிள்ளை. கைவிரல்ல எண்ணிரலாம். ஆனா நெசமா நிக்குது. எண்ணெயும் தேறினது.

அதுங்க மொட்டு இந்த வாரம் விரியுது. விரியிறதுக்கு முன்னாடி துணிப்பை கட்டணும். இல்லேன்னா தேனீ கண்ட எடத்து மகரந்தத் தூளையும் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிரும். அப்புறம் தெனம் விடியக்காலைல, ஒவ்வொரு பூவுலயும் ஊசிமுனை அளவு ஆண் பாகத்த இடுக்கியால புடுங்கி எடுத்து, நமக்கு வேணுங்கிற தூளத் தடவணும். எனக்குக் கை ஆடுது. போன பருவம் நான் தொட்ட பூவெல்லாம் சப்பளிஞ்சு அழுகிருச்சு. என்னய ஜெயில்ல வச்சா வயலுக்கு ஒரு நட்டமும் இல்ல. அடிச்ச என் பொண்ண உள்ள வச்சா எல்லாம் போச்சு.

என் செடி என் செடின்னேன்ல. என்னோடது காட்டுச்செடியக் கொண்டாந்தது மட்டும்தான். எட்டு வருசம் சீவினது அவ. அன்னைக்கு நான் செஞ்சது பொளந்த காம்ப அவ கைல இருந்து புடுங்கினது. அதுவும் லேட்டு. முதல் அடிக்கு நான் நகரவே இல்ல. பச்சையா நின்ன வயலத்தான் பாத்துட்டிருந்தேன்.

அவ செஞ்சது நியாயம்னு சொல்ல வரல. விழுந்தவன அடிச்சவளுக்கு என்ன நியாயம்? நீங்க தேறி எழுந்து, அவள விட்டுட்டுப் போறதா இருந்தா போங்க. ஜாமீன்ல இருந்தா நானே பெட்டியத் தூக்கிட்டு வரேன். பூ முடியிற வரைக்கும்தான் கேக்குறேன். இங்க வந்தா நான்தான் அடிச்சேன்னு அவளே ஒளறிருவா. உங்களுக்குச் சரியான ஜோடி. அதான் பண்ணை கேட்டை வெளிய இருந்து பூட்டிச் சாவிய டிரைவர்கிட்ட குடுத்துட்டு வந்தேன்.

படில ஏறுற சத்தம் கேக்குது. கண்ணத் தொடைச்சுக்கங்க. நானே தொடைக்கிறேன்.

வாங்க சார். ஆமா, நான்தான், நேத்து வந்தவன். இல்ல, மெரட்டல்லாம் இல்ல, எச்சி தொடைச்சிட்டிருந்தேன். இவர்தான் என் மருமகன். பேச வராது, தலைய ஆட்டுவாரு. நான் வேணா தள்ளி நிக்கிறேன், நீங்களே கேளுங்க.

மெதுவா மாப்பிள்ளை. மெதுவா. கம்பி தெறிச்சுரப் போகுது. ஆமாங்கிறதுக்கு ஒரு தடவ ஆட்டினா போதும்.