டாக்டரம்மா கொண்டுவந்த படம்

— சட்டம் போடறது அப்புறம் ஆகட்டுங்க. மொதல்ல இந்தப் படத்தை நல்லாக் கண்ணெடுத்துப் பாருங்க.

— பாத்தாச்சு ரோசி. கடலு, தென்னை, வெள்ளைக்காரங்க நாலு பேரு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா லீவுக்குப் போயிட்டு வந்த தீவு. சட்டம் தேக்குலயா, கறுப்புலயான்னு கேட்டுட்டு வந்தியா?

— அதைக் கேக்கற நெலமையில நான் இல்லீங்க.

— என்ன, அந்தப் பொம்பளைங்க அரையுங்குறையுமாச் சாய்வு நாக்காலியில கெடக்கறதைப் பாத்து மெரண்டுட்டியா?

— மெரளலை, சிரிச்சேன். ஏனுங்கம்மா, வெயில்ல படுத்துக்கெடக்கவா இத்தனை தூரம் கப்பலேறிப் போறாங்க, நம்ம சேலத்து வெயிலு என்ன பாவம் பண்ணுச்சுன்னு டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். அவங்களும் சிரிச்சாங்க. அப்புறந்தான் நாக்காலிக்குப் பின்னால பாத்தேன். முக்காலி மேல கேமிரா வெச்சுக்கிட்டு ஒரு ஆளு நிக்கறாரு பாருங்க.

— ஓட்டல்ல படம் புடிக்கறவனா இருக்கும்.

— லென்ஸை வெச்சுப் பாருங்க.

— அது வந்து… வெளிச்சம் பத்தலை புள்ள.

— ஆனி மாசத்து மத்தியானம். உங்க ஸ்டூடியோவுக்குக் கூரையே கண்ணாடி. வெளிச்சம் பத்தலீங்களா? கிறிஸ்துராஜுங்க அது. செத்துப்போன என்ர மொதப் புருசன்.

— ஒரே சாடையில உலகத்துல ஏழு பேரு இருப்பாங்க.

— ஏழு பேருக்கும் இடது காது பாதியா இருக்குமா? சங்ககிரியில சின்ன வயசுல கழுதை கடிச்ச காதுங்க. அதை வெச்சே நான் அவரைக் கேலி பண்ணிக்கிட்டிருப்பேன்.

— அப்படின்னா பழைய படம். எட்டு வருசத்துக்கு முந்தி நானும் அவனும் அந்தத் தீவுக்குப் போயிருந்தமே, அப்ப எவனாச்சும் எடுத்திருப்பான்.

— டாக்டரம்மா தன் கைக் கேமிராவுல எடுத்தது. இந்த வருசம், ஈஸ்டர் அன்னிக்கு. நம்ம ஆண்டவரு மாதிரி இவரும் அன்னிக்கு எந்திரிச்சு வந்தாருங்களா?

— ரோசி, சத்தம் போடாத. கீழே கடைவீதியில ஆளுங்க போறாங்க.

— போகட்டும். அன்னிக்கு ஊடு தேடி வந்து என்ன சொன்னீங்களோ, அதை இன்னொருக்காச் சொல்லுங்க. நான் கேக்கறேன்.

— கப்பல் கம்பெனித் துரை எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாரு. புது ஓட்டலு. படத்தைப் பாத்ததும் சீமையில இருக்கற பணக்காரங்க மூட்டை கட்டணும், அப்படி எடுத்துக் குடுன்னாரு. செம்படவங்க குடிசை தெரியக்கூடாது, மீன் காயறது தெரியக்கூடாது…

— அதெல்லாம் அவரு கடுதாசியிலயே இருந்துச்சு. 'அமிர்தசாமி படம் எடுப்பான், நான் குடிசைய மறைச்சுத் தட்டி புடிப்பேன்'னு. கன்னியாஸ்திரியம்மா படிச்சுச் சொல்லி நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கப்புறம்?

— அவனுக்குக் காச்சல் கண்டுச்சு.

— அதுக்கப்புறம்?

— என்னத்தைச் சொல்றது…

— குழியில மூணு கைப்புடி மண்ணு போட்டேன்னு சொன்னீங்க. மொதப் புடி உனக்காகப் போட்டேன் ரோசின்னு சொன்னீங்க. போட்டீங்களா?

— டாக்டரு கைய விரிச்சுட்டாரு. மாதா சத்தியமாச் சொல்றேன். நெனப்பில்லாமக் கெடந்தான். கப்பல் சங்கு ஊதிருச்சு. துரை ஏறு ஏறுங்கறாரு. இவன் பொழுது விடியறதுக்குத் தாங்கமாட்டான்னு நெனச்சுத்தான் ஏறினேன்.

— சாகறதைப் பாக்கலை.

— பாக்கலை.

— மண்ணு?

— போடலை. கூட்டாளியை உசுரோட விட்டுட்டு ஓடியாந்தேன்னு உன் முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரலை. செத்துட்டான்னு சொல்றது லேசா இருந்துச்சு.

— லேசா இருந்துச்சா! நான் ஒரு வருசம் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு, அவரு ஆத்துமத்துக்குப் பூசை வெச்சு, கண்ணு ரெண்டும் அவிஞ்சு போக அழுதனே, அதுவும் லேசாத்தான் இருந்துச்சா? பூசைக்கு என் பக்கத்துலயே முட்டி போட்டு நின்னீங்களே!

— செத்திருப்பான்னுதான் அப்ப நெனச்சேன். அதுல கள்ளமில்லை.

— சரிங்க. நம்பிச் சொன்னீங்க, நானும் நம்பிப்போட்டேன். அதோட முடிஞ்சுதுன்னா, கோயில்ல எல்லாரும் சாமியாருகிட்ட நன்மை அப்பம் வாங்க முன்னால போறப்ப நீங்க மட்டும் ஏன் தூணுகிட்டயே நிக்கறீங்க? கல்யாணம் ஆன நாளா, ஏழு வருசமாப் பாக்கறேன். சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போறதில்லை. என்ன பாவம் அது, வாயில வராத பாவம்?

— கடுதாசி வந்துச்சு ரோசி.

— எப்ப?

— கோயில்ல நம்ம கல்யாண அறிவிப்புக்கு ரெண்டாம் ஓலை வாசிச்ச மறுநாள்.

— மறுநாளா! மூணாம் ஓலை வாசிக்கறப்ப, இதுக்குத் தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லிருங்கன்னு சாமியாரு கேட்டாரு. நான் உங்களைத் திரும்பிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க.

— ஆமா, சிரிச்சேன்.

— என்ன எழுதியிருந்தாரு?

— 'பொழைச்சுட்டேன். ஒரு வருசம் படுக்கையில கெடந்து இப்பத்தான் நடக்கறேன். திடீர்னு என் கடுதாசியைப் பாத்தா ரோசி பயந்துருவா, நீயே நேர்ல போய்ப் பக்குவமாச் சொல்லு. அடுத்த கப்பலுக்கு வாரேன்'னு.

— உங்களை நம்பி உங்க கையில குடுத்திருக்காரு.

— நம்பித்தான் குடுத்தான்.

— எங்க அந்தக் கடுதாசி?

— அடுப்புல போட்டுட்டேன். உன்மேல ஆசைப்பட்டேன் புள்ள. அவன் உன்னைக் கட்டறதுக்கு முந்தியிருந்தே ஆசைப்பட்டேன். வேற காரணம் எங்கிட்ட ஒண்ணுமில்லை.

— அந்த ஆசையில என்னை எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க, தெரியுதா? கட்டுனவரு உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தரு கட்டுன தாலி இது. இதைக் கழட்டவா, வெச்சுக்கவா? மரியபுஷ்பம் இன்னுங் கொஞ்ச நேரத்துல பள்ளிக்கூடத்துலிருந்து வந்துரும். அது மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நாளைக்கு ஒருத்தரு அது யாரு புள்ளைன்னு கேட்டா…

— என் புள்ள. அதுல மட்டும் யாரும் கைய வெக்க வேண்டாம்.

— உங்களுக்குக் கோவம் வேற வருதா? வரட்டும். உங்ககிட்டப் பேசவே நாக்கு கூசுது. ஆனா ஒண்ணு கேட்டே ஆகோணும். அடுத்த கப்பலுக்கு வாரேன்னவரு ஏன் வரலை?

— அது வந்து…

— ஏழு வருசம். ஒரு கப்பல் கூடவா வரலை? டாக்டரம்மா சொன்னாங்க, அந்த ஓட்டலுக்கு வாற சீமாட்டிங்களை மணல்ல ஒக்கார வெச்சுப் படம் எடுக்கறதுதான் இப்ப அவரு பொழப்பாம். சேலத்துல இருந்து வாரேன்னதும் தமிழ்லயே பேசினாராம். ஊருக்கு ஒருக்காப் போயிட்டு வரலாமேன்னாங்களாம். 'அங்க எனக்கு யாருமில்லீங்கம்மா'ன்னாராம்.

— அப்படியா சொன்னான்?

— யாருமில்லையாம். நான் ஒரு மனுசி இல்லாமயே போயிட்டேன். இப்பத் தோணுதுங்க, உங்களை விட அவருதான் என்னைப் பெருசா ஏமாத்திப்போட்டாரு. நீங்களாச்சும் வேணும்னு பொய் சொன்னீங்க. அவரு வேண்டாம்னு கம்முனு இருந்துட்டாரு.

— அவனைச் சொல்லாத ரோசி.

— ஏன் சொல்லக்கூடாது? கல்யாணம் ஆன சேதி காதுக்கு எட்டியிருக்கும். தொலைஞ்சாள்னு விட்டுருப்பாரு. எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாரா அந்த மனுசன்?

— விட்டிருப்பான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவன் கடுதாசிக்கு நான் பதில் போட்டேன்.

— என்னன்னு?

— கேக்காத புள்ள. உன் காலைப் புடிச்சுக்கறேன், அதை மட்டும் கேக்காத.

— என்னன்னு எழுதுனே, அமிர்தசாமி?

— நீ வாந்திபேதியில போயிட்டேன்னு எழுதுனேன். அவன் நம்பணுமேன்னு, கல்லறைத் தோட்டத்துல ஒரு புதுச் சிலுவையில உம் பேரை எழுதி, படம் புடிச்சு அனுப்புனேன்.