சொல்லாமல் வைத்த கிரீஸ்

இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலத்தில் பெயரை மேலே எழுதிக்கொண்டீர்கள். ஆலையில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, கிரீஸ் மாமா என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்தாறு. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதுவும் தட்டுத்தடுமாறி. முகவரி, ஆலைக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் குடியிருப்பு. உட்காரச் சொன்னீர்கள், கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, நடந்தபடியே சொல்கிறேன்.

தண்ணீர் ஏற்றும் பம்புகள் என் பொறுப்பு. என் மகள் அதே ஆலையில் கணினி அறையில் இருக்கிறாள். பம்புகளில் அதிர்வை அளக்கும் சென்சார் ஒட்டி, முன்பு பழுதானவை எப்படி அதிர்ந்தன என்பதைக் கணினிக்குப் பழக்கி, அடுத்து எது கெடும் என்று முன்கூட்டியே சொல்ல வைப்பது அவள் வேலை. போன மாதம் அது, மூன்றாம் பம்பின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்கிறது, ஒரு வாரம் தாங்காது என்றது. அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பம்பு நின்றால் இவள் வாய் முகூர்த்தம் என்பார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் கிரீஸ் அடித்தேன். சத்தம் அடங்கியது. வாரம் கழிந்தும் பம்பு ஓடியது. அதன் பிறகு மறுபடி எச்சரிக்கை வந்தது, மறுபடி அடித்தேன்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, உன் பெட்டி திரும்பவும் புளுகிடுச்சு போல. பேசாம ஜோசியம் பார்க்க உட்கார்ந்துடு" என்றார். அன்று வீட்டில் மகள் தட்டைத் தொடாமல், "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலப்பா" என்றாள். "சாப்பிடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொன்ன மகானுபாவன் நான்தான். அவள் சொன்னதைப் பொய்யாக்குவதே என் கிரீஸ்தான் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

அதன் பிறகு எச்சரிக்கையை அணைத்துவிட்டார்கள். நான் காய்ச்சலில் படுத்தேன். கிரீஸ் அடிக்க ஆளில்லை. நேற்று பேரிங் இறுகி உடைந்து, துண்டு தெறித்து, பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரின் கை முறிந்தது. நேற்றுக் காலை மகள் பம்பறைக்குப் போனது உண்மை. சென்சார் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். தன் சொல் பலிக்க அவளே ஏதோ செய்தாள் என்று மேனேஜர் புகார் தந்திருக்கிறார். அவள் எதையும் கெடுக்கவில்லை. கெட்டதை மறைத்தது நான். பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். நான் அடித்த கிரீஸ் பிதுங்கி நிற்கும், அதைத் துடைத்தால் உள்ளே நாள்பட்ட தேய்மானம் தெரியும். ஒரு காலையில் அப்படித் தேயாது. அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள்; கதவு திறக்கும்போதெல்லாம் அவள் செருப்பு தெரிகிறது.

வாசித்துக் காட்டினீர்கள், கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது நடந்தபடிதான். கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் தலைக்கு மேல் ஓடும் ஃபேன் கரகரக்கிறது. வந்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது. சொல்லிவிட்டேன், தொட மாட்டேன்.

(ஒப்பம்)