எங்கப்பா உயிரோட இருக்காரு

மகள்: வண்டிய எடுப்பா. யாராவது பின்னாடி வர்றதுக்குள்ள.

அப்பா: கச்சேரி முடியலியே... கிளாரினெட் எங்கம்மா?

மகள்: மேடையிலயே வச்சுட்டேன். இசைப் பள்ளிப் பொருள்தானே, அவங்களே வச்சு ஊதட்டும்.

அப்பா: நாலு வருஷம் கத்துக்கிட்டத இப்படியா...

மகள்: நீ உள்ள வரலியா?

அப்பா: கையெல்லாம் பெயிண்ட். வேலையிலேர்ந்து நேரா வந்தேன். கதவோரம் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

மகள்: அப்ப நீ கேக்கல. நல்லதாப் போச்சு.

அப்பா: என்னத்த?

மகள்: விடு.

அப்பா: சொல்லும்மா.

மகள்: நான் வாசிக்கறதுக்கு முன்னாடி பொறுப்பாளர் அம்மா மைக்கப் பிடிச்சாங்க. முன் வரிசை பூரா நன்கொடை குடுக்கறவங்க. "இந்தப் பொண்ணு சேந்தப்ப நிமிந்துகூடப் பாக்காது, இசைதான் இவளுக்குத் தைரியம் குடுத்துச்சு"ன்னாங்க.

அப்பா: அதுல பொய் இல்லியே.

மகள்: அதுவரைக்கும் இல்ல. அப்புறம்...

அப்பா: ஏதோ வாய் தவறி...

மகள்: வாய் தவறியா? என் படத்தத் திரையில போட்டு, கீழ "தாய் தந்தை இருவரையும் இழந்தவர்"னு எழுதியிருந்தாங்கப்பா. அம்மா போனது நிஜம். உன்னையும் சேத்துக் கொன்னுட்டாங்க. கூடமே உச்சுக் கொட்டுது.

அப்பா: சொன்னா செத்துடுவேனா?

மகள்: சிரிக்காத. நான் போயி மைக்கப் பிடுங்கிட்டேன். "எங்கப்பா உயிரோட இருக்காரு. பெயிண்டர். வாராவாரம் என்னைக் கொண்டுவந்து விடறதே அவருதான். உங்க வசூலுக்கு அவரைக் கொல்லாதீங்க"ன்னேன்.

அப்பா: கடைசியில சொன்னது கொஞ்சம் ஜாஸ்தி.

மகள்: கம்மி.

அப்பா: திரும்பிப் போலாம்மா. ஒரு வார்த்தை மன்னிப்பு...

மகள்: நானா கேக்கணும்? நாளைக்கு ஆபீசுக்குப் போறேன். என் சேர்க்கைப் பாரத்த எடுக்கச் சொல்லி, எவன் அப்படி எழுதினான்னு பாக்கறேன்.

அப்பா: அதெல்லாம் வேண்டாம்.

மகள்: ஏன் வேண்டாம்? நீ ஏன் எப்பவும் கேட்டுக்கு வெளியவே நிக்கற? வாத்தியார் உன்னைப் பாத்து "உங்க மாமா வந்துட்டாரு"ம்பாரு. ஏதோ தப்பா நெனச்சுட்டாருன்னு நானும் விட்டேன். நீ ஒரு நாளாவது திருத்தினியா... இப்ப எதுக்கு ஓரமா நிறுத்தற?

அப்பா: பாரத்தக் கேக்காத. அதுல இருக்கறது என் கையெழுத்து.

மகள்: என்ன சொல்ற?

அப்பா: அம்மா போனப்புறம் எட்டு மாசம் நீ யார்கிட்டயும் பேசல. என்கிட்டகூட. இந்த இசைப் பள்ளியில சேந்தா பிள்ளைங்க தேறுதுன்னு சொன்னாங்க. வந்து கேட்டா, இருக்கறதே பன்னெண்டு இடம், அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைங்களுக்கே பத்தலன்னாங்க. 'அப்பன் இருக்கான், ஆனா அவனுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல'ன்னு எழுத அந்தப் பாரத்துல ஒரு கட்டம் இல்லம்மா. மாமான்னு போட்டுக் கையெழுத்து வச்சேன்.

மகள்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் முன்னாடி அவங்களப் போயி நான்...

அப்பா: திட்டு. நாளைக்கு நானே போயி உண்மைய ஒத்துக்கறேன். ஆனா நீ பேசி முடிக்கறவரைக்கும் நான் கதவுகிட்டேர்ந்து நகரவே இல்லம்மா. நீ பேசினது மொத்தமும் கேட்டேன். "எங்கப்பா"ன்னு நீ சொன்னதும் எல்லாரும் திரும்பித் தேடினாங்க... நான்தான்னு கை தூக்கத் தெம்பில்லாம ஓடி வந்து வண்டில உக்காந்துட்டேன்.