ஆணியில் தொங்கிய ஆரஞ்சு ஹெல்மெட்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்து மூன்று. படிப்பு பத்தாவது வரை; பத்தாவதை மட்டும் இரண்டு முறை படித்தேன். கடைத்தெருவில் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. தண்ணீர் லாரி ஓட்டுநர் மேல் போட்டிருக்கும் வழக்கில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பொம்மைக்காரர் வீடு என்று கேட்க வேண்டும். காகங்களை விரட்டுவதற்காக என் பழைய சட்டை, கால்சட்டைக்குள் வைக்கோல் திணித்துத் தோட்டத்தில் ஒரு பொம்மை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு டீச்சர் வேலிக்கு அப்பால் நின்று, அதை நான் என்று நினைத்துச் சாக்கடை அடைப்பு பற்றி வெகுநேரம் பேசியிருக்கிறார். பதில் வராததால் என் மனைவியிடம் வந்து புகார் செய்தார். அதற்கு மனைவி, "அவர் எப்பவும் அப்படித்தான் டீச்சர், நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னார். பொம்மை என்று இருவருக்குமே மறுநாள்தான் தெரிந்தது. காகங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அதன் தலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றன.

வீடு என் மாமனார் கட்டியது. கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருக்கிறோம். மாடியில் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், தனியாக இருக்கிறார். துணிக்கடையில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. கேலி உண்டு. வீட்டில் ஒரு விளக்கு எரியாவிட்டால், "ஊர்ல உள்ள காத்தாடி எல்லாம் சுத்துது, நம்ம வீட்டு பல்பு மட்டும் தவம் கிடக்குது மாப்ளே" என்பார். சாப்பாட்டு மேசையில் மகள் வரை எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரமும் மகள் போட்ட தக்காளிப் பாத்தியும் இருக்கின்றன. காகங்கள் நாற்றைப் பிடுங்கின, குழாயடியில் வைத்த சோப்பைத் தூக்கின, காயப்போட்ட துணியில் எச்சமிட்டன, மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டியில் எலும்பைப் போட்டன. இதற்கெல்லாம் மூல காரணம் மச்சான்தான் என்பது என் எண்ணம். தினமும் காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ரொட்டியைப் பிய்த்து வைப்பார். அவை அவர் கைக்குப் பக்கத்திலேயே நின்று தின்னும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்.

பொம்மைக்குப் பிறகு பழைய சிடி தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பிறகு மீன்பிடி நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன். அதில் மாட்டிக்கொண்டது நான் ஒருவன்தான். அதன் பிறகு நீளமான கோல் ஒன்று வாங்கி மரத்திலிருந்த கூட்டைக் கலைத்தேன். உடனே ஒரு காகம் பின்னாலிருந்து வந்து என் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போனது. தடுப்பதற்கு அங்கே தலைமுடியும் கிடையாது. மச்சான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "காக்கா மூஞ்சிய மறக்காது மாப்ளே. இனிமே நீங்க குடை புடிச்சுக்கிட்டுத்தான் பல்லு விளக்கணும்" என்றார்.

அந்தப் பேச்சில்தான் எனக்கு யோசனை வந்தது. வீட்டுக்கு வெளியே மாடிப்படிக்கு அடியில் ஆணியில் ஓர் ஆரஞ்சு நிற ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. அது மச்சானுடையது. கறுப்பு நிறத்தில் புதிது வாங்கிய பிறகு அதை அவர் தொட்டதில்லை. எல்லோரும் வேலைக்கும் கல்லூரிக்கும் போன பிறகு அதை மாட்டிக்கொண்டு, முன் கண்ணாடியை இறக்கிவிட்டு, கூடு கட்டக் கட்டக் கலைத்தேன். முகம் தெரிந்தால்தானே மறக்காமல் இருக்கும் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு மரத்தடியில் நடந்து பார்ப்பேன். காகங்கள் என்னைச் சட்டை செய்யவில்லை. இந்த விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு ஒரு நாள் கலைத்த கூட்டில் குஞ்சு இருந்தது. நான் கவனிக்கவில்லை. பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை ஓரமாகத் தள்ள நினைத்துக் கோலை நீட்டினேன், கோல் நழுவி அதன் மேலேயே விழுந்தது. தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டிப் புதைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மரம், மின்கம்பி, தொட்டி எல்லாவற்றிலும் காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கத்தவில்லை. கத்துகிற காகத்தைக் கைதட்டி விரட்டியிருக்கிறேன். கத்தாத காகத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் ஓடினேன். கதவைச் சாத்திய பிறகும் கதவில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அந்த ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்தாலே மின்கம்பியில் இருக்கும் தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் அதைப் பொம்மையின் தலையில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பொம்மை கீழே கிடந்தது. கழுத்து வைக்கோல் வெளியே வந்திருந்தது. முன் கண்ணாடி முழுவதும் கீறல். கண்ணுக்கு நேராக வரும் இடத்தில் கீறல் அதிகம். வெகு நாள் அதே பொம்மையின் தலையில் உட்கார்ந்து ரொட்டி தின்ற காகங்கள் அவை.

அதன் பிறகு நான் கூடு கலைக்கவில்லை. அந்த ஹெல்மெட்டை அன்றே குப்பையில் போட்டிருக்கலாம். போட்டால் மச்சான் எங்கே என்று கேட்பார், குஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், சாப்பாட்டு மேசையில் ஒரு வருஷத்துக்கு அது ஓடும் என்று நினைத்தேன். அதனால் துடைத்து ஆணியிலேயே மாட்டினேன்.

சில வாரம் கழித்து மச்சானின் கறுப்பு ஹெல்மெட்டில் வார்க் கொக்கி உடைந்தது. என்னிடம் கொடுத்து, "ஊர் மிக்ஸியெல்லாம் அரைச்சு முடிச்சதும் இதையும் பாருங்க" என்றார். வாங்கிக் கொண்டுபோய்க் கடையில் வைத்தேன். பார்க்கவில்லை.

சம்பவ நாளன்று காலை மச்சான் வழக்கம்போல் ரொட்டி வைத்துவிட்டுக் கீழே வந்தார். நான் படியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, என் ஹெல்மெட்டு?"

"கடையில இருக்கு மச்சான். இன்னிக்கு முடிச்சிடுறேன்."

"நீங்க முடிக்கிறதுக்குள்ள என் தலையே முடிஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து ஆரஞ்சு ஹெல்மெட்டை எடுத்தார். "என்ன இது, இவ்ளோ கீறலா இருக்கு?" என்று கேட்டார். "பழசாச்சே" என்றேன். கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டார். மின்கம்பியில் அப்போது இரண்டு மூன்றுதான் இருந்தன. அவர் வண்டியைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் கம்பியில் இடம் இல்லை.

தெரு முனை எங்கள் வாசலிலிருந்து நன்றாகத் தெரியும். தண்ணீர் லாரி தன் பக்கத்தில் மெதுவாகத்தான் வந்தது. மச்சான் முனையை நெருங்கும்போது காகங்கள் பின்னாலிருந்து ஒன்றாக வந்தன, ஒன்றும் கத்தவில்லை. ஒன்று முன் கண்ணாடியிலும் ஒன்று பிடரியிலும் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவர் ஒரு கையை விட்டுவிட்டு முகத்துக்கு முன்னால் வீசினார். வண்டி வளைந்து லாரியின் முன்சக்கரத்தில் போய் மோதியது. ஓட்டுநர் அதற்கு முன்பே பிரேக் போட்டுவிட்டார், சக்கரம் தேய்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆட்கள் ஓடி வருவதற்குள் காகங்கள் போய்விட்டன. ஓட்டுநர், "காக்கா சார், காக்கா வந்துச்சு சார்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். குடித்துவிட்டு உளறுகிறான் என்று அவரை அடித்தார்கள். காபி டம்ளரோடு நான் அங்கே நின்றேன். அவர் என் முகத்தையும் பார்த்துச் சொன்னார். டீச்சர் பேசிய பொம்மை போலவே நின்றேன்.

மச்சான் இன்னும் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் என் மனைவி, "ஏங்க, அந்தக் கண்ணாடியில நகத்தால கீறின மாதிரி இருக்கே, லாரி எப்படிங்க அப்படிக் கீறும்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். இந்த வாக்குமூலம் அவருக்கும் தெரியவரும் என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். தெரிந்தால் அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. ஆனால் ஓட்டுநரின் மனைவி கைக்குழந்தையோடு இந்த நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநர் சொன்னது உண்மை. அவர் மேல் குற்றம் இல்லை.

சற்று முன் காவலர் ஒருவர் அந்த ஹெல்மெட்டை அடையாளம் காட்டுவதற்காக முற்றத்தின் வழியாக எடுத்து வந்தார். அது இப்போது மேசை மேல் இருக்கிறது. அதை யாரும் விளையாட்டுக்குக்கூடத் தலையில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுத்தர் ஐயா சிரித்தார். அதன் பிறகு ஜன்னலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ச் சாத்தினார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல், மிரட்டாமல், என் நினைவில் உள்ளபடி நானே சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று ஆய்வாளர் ஐயா கேட்டதால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

அன்று காலை ஹெல்மெட்டின் வார் இறுகிப்போய் மச்சானுக்கு மாட்ட வரவில்லை. குனிந்து மோவாயைத் தூக்கிக் காட்டி, "இதையாவது மாட்டி விடுங்க மாப்ளே" என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாட்டிவிட்டேன். ஒரே ஒரு கொத்து வாங்கட்டும், தான் வளர்த்த காகங்கள் எப்படிப்பட்டவை என்று தானே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது, இதை மெதுவாகச் சொல்லியிருந்தாலே கேட்டிருக்கும்:

"வேணாம் மச்சான், கழட்டிடுங்க."