பதினொன்றே கால்

அன்று காலை நான் தண்ணீரில் விழுந்தேன். படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள், அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர். வாடகைப் படகு எடுக்க வருகிறவர்களுக்கு முப்பத்தொரு வருடமாக நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: படகிலிருந்து கரைக்குக் குதிக்காதீர்கள், காலை எடுத்து வையுங்கள். அன்று நான் குதித்தேன். புது ஷூ, வழுக்கிவிட்டது. செப்டம்பரில் பியூர் நதி ஒன்றும் வெந்நீர் இல்லை.

எங்கள் முதலாளி மிஸ்டர் பன், படகுக் கொக்கியை என் காலரில் மாட்டி இழுத்துப் போட்டார். "ஏன்யா சிரில், ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு வாத்தியாரே பரீட்சையில முங்கிட்டாரே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு முன்பே சிரித்து முடித்திருந்தேன். அது என் பழக்கம்.

சிரிக்காதவர் ரோலண்ட் பாஸ்க் மட்டும்தான். 'சாண்ட்பைப்பர்' என்ற படகை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட வந்திருந்தவர். தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போர்த்தினார். நல்ல கம்பளிக் கோட்டு. இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

ஒன்பது வருடமாக அவரும் அவர் மனைவி ஹிலரியும் செப்டம்பர் இரண்டாம் வாரம் வருவார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டி, அரை மணி நேரத்தில் படகை ஒப்படைப்பது என் வேலை. ஹிலரி எனக்கென்று ஒரு பழக் கேக் கொண்டுவருவாள். 'வருவார்' என்று சொல்லியிருக்க வேண்டும், தெரியும். ஒன்பது வருடப் பழக்கம். வருடத்துக்கு அரை மணி என்றால் மொத்தம் நாலரை மணி நேரம். ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ள அது தாராளம்.

போன வருடம் கொஞ்சம் கூடுதல். அடுப்புக்கு கேஸ் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, அவர்கள் படகைக் கட்டியிருந்த இடங்களுக்கே நான்கு முறை போனேன். மற்றவர்களுக்கு நான் அப்படிச் செய்வதில்லை. எனக்கு இளகிய மனசு. அப்போதுதான் சிலதைக் கவனித்தேன். அவர் கயிற்றை அவள் பக்கம் எறிந்து "பிடி" என்பார், அவ்வளவுதான். நான் வருவதைக் கண்டதுமே அவள் உள்ளே போய்த் திரையை இழுத்துவிடுவாள். அந்த மனிதரிடம் அவளுக்கு எவ்வளவு பயம் இருந்தால் அப்படிச் செய்வாள் என்று நினைத்து நினைத்து அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை.

இந்த வருடம் அவர் தனியாக வந்தார். தனி ஆளுக்கு எங்கள் படகுத்துறையில் படகு தருவதில்லை. ஒருவர் சுக்கானைப் பிடித்தால் இன்னொருவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் என்று பன் விட்டுக்கொடுத்தார். நான் அவரிடம் மூன்று முறை கேட்டேன், மேடம் எங்கே என்று. முதல்முறை, இந்தத் தடவை வரவில்லை என்றார். எஞ்சினைக் காட்டும்போது கேட்டேன். அவளுக்கு வேறு வேலை என்றார். மூன்றாம் முறை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். கேக்கும் இல்லை. ஏதோ செய்துவிட்டார், அவளை. என் விசாரணை அங்கே முடிந்தது. உங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

யார்மத் பாலங்களைக் கடந்து தெற்கே போக வேண்டும், ஹிலரிக்குப் பயம் என்பதால் இத்தனை வருடம் போகவில்லை என்றார் அவர். யார்மத்தில்தான் முகத்துவாரம், அங்கே நதியைக் கடல் பிடித்து இழுக்கும். நீர் முழுக்க வடிந்து, ஓட்டம் நின்று, நதி மூச்சு வாங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கடக்க வேண்டும். அந்த நேரத்தை அலுவலகத்தில் ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள், சுக்கானுக்கு மேலே ஒட்டிவிடுவோம். மறுநாளைய நேரம், பிற்பகல் இரண்டே கால். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்று ஒவ்வொரு படகிலும் இருக்கும். சாண்ட்பைப்பரின் புத்தகமும் என் பையில்தான் இருந்தது.

இரண்டும் என்னோடு தண்ணீரில் விழுந்தன. புத்தகம் கூழாகிவிட்டது. சீட்டில் மை கரைந்து ஊதா மேகம் ஒன்று மட்டும் மிச்சம். சொட்டச் சொட்ட நனைந்தபடியே நான் புதிதாக ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். முற்பகல் பதினொன்றே கால். அந்த நேரத்தில் மொத்த நதியும் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாலத்துக்கு அடியில் படகு நுழைய உயரமும் இருக்காது.

"நேரம் சரிதானே, சிரில்?" என்று கேட்டார்.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட தப்பினதில்ல சார்" என்றேன். அது உண்மை.

பாலத்தின் மேல் நின்றவர்கள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படகைப் பின்னுக்கு இழுக்க அவர் எஞ்சினை முழு வேகத்தில் வைத்ததும், கரைக்குக் கயிறு வீச இன்னொரு ஆள் இல்லாமல் போனதும், படகு பாலத்தில் மோதி அவர் இறந்ததும். அப்போது நான் துறையில் வேறொரு குடும்பத்துக்குக் காலை எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குளிரில் விறைத்த கிழவனின் கைப்பிசகு என்று முடித்துவிட்டீர்கள். பன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிசகு என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. ஷூ புதிதல்ல. ஆறு வருடமாக ஒரே ஷூ, ஒருநாளும் வழுக்கியதில்லை. இடுப்பளவு ஆழம் எங்கே என்று பார்த்துத்தான் குதித்தேன். பாஸ்கைக் கொன்றது நான். ஹிலரிக்காகச் செய்தேன்.

அவள் உயிரோடு நலமாக இருக்கிறாள் என்று உங்கள் ஆட்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவள் திரையை இழுக்க வேண்டியதில்லை. அவருடைய பொருட்களை வாங்கிப் போக இன்று காலை துறைக்கு வந்தாள். நான் தலையை நன்றாக வாரி, இந்தத் தடவை நானே ஒரு பழக் கேக் வாங்கி வைத்திருந்தேன். அவள் பன்னின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கேக்கை வாங்கவில்லை. நான் அவரிடம் கேட்ட கேள்வியையே அவளிடமும் கேட்டேன். இந்த வருடம் நீங்கள் ஏன் வரவில்லை?

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் முதல்முறை.

"உங்களாலதான்" என்றாள். "போன வருஷம் நாங்க எங்க கட்டினாலும் நீங்க வந்து நின்னீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. முதலாளிகிட்ட சொல்லிடலாம்னேன். ரோலண்ட்தான், 'பாவம், தனியா இருக்கிற மனுஷன், வேலை போயிடும்'னு என்னைத் தடுத்தாரு. நான் ஏன் வரலைன்னு நீங்க கேப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். உங்க மனசு நோகாம ஏதாவது சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டுதான் வீட்ல இருந்து கிளம்பினாரு."